வசவைப் பெயராக்கியவர்கள்

ஜலந்தர் கல்லூரியில் படித்தபோது பாடகி கின்னி மாஹியிடம் சக மாணவி ஒருத்தி சாதியைக் கேட்டாள். பட்டியல் சாதி என்றார் கின்னி. அதில் எது என்று அவள் விடவில்லை. சமார் என்றதும், ஆபத்தானவர்களாயிற்றே என்றாள். பாராட்டா, குத்தலா? கின்னி அதை 'டேஞ்சர் சமார்' என்று பாட்டாக்கிவிட்டார். 2016இல் பஞ்சாபெங்கும் ஒலித்தது.

தோலைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர். வட இந்தியாவில் அது வசவும்கூட. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பிறர் முன்னிலையில் ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

முந்தைய தலைமுறை பெயரையே உதறியது. ஆக்ராவில் ஜாதவ் ஆனார்கள். பஞ்சாபில் மங்கூ ராம் 1926இல் ஆத் தர்ம இயக்கத்தைத் தொடங்க, 1931 மக்கள்தொகைக் கணக்கில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆத் தர்மிகளாகப் பதிந்தார்கள். ஆனால் புதுப் பெயருக்குப் பின்னால் என்ன என்று கேட்க ஊரில் ஆளா இல்லை? ஒளித்து வைத்த பெயர் எப்போது வெளிப்படுமோ என்ற பதைப்பு உள்ளுக்குள் இருந்துகொண்டேயிருக்கும். பேரப்பிள்ளைகள் அதே பெயரைக் கார்க் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதற்கு அந்தப் பதைப்பும் ஒரு காரணம்.

இதில் தெம்பு நிஜமாகவே கிடைக்கிறதா? அமெரிக்க உளவியலாளர் ஆடம் கலின்ஸ்கியும் சகாக்களும் 2013இல் 10 பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். இழிசொல்லைத் தானே சூட்டிக்கொண்டவர் தன்னை வலுவானவராக உணர்ந்தார். பார்த்தவர்களுக்கும் அவர் அப்படியே தெரிந்தார். சொல்லின் நச்சும் சற்றுக் குறைந்தது. ஆனால் அதைச் சூட்டிக்கொள்ளும் துணிவு தனி மனிதரின் பலத்தால் வரவில்லை, குழுவின் பலத்தால் வந்தது.

பஞ்சாபில் அந்தப் பலம் இருக்கிறது. 2011 கணக்கின்படி மக்களில் சுமார் 32 சதவீதம் பட்டியல் சாதியினர். வேறெந்த மாநிலத்திலும் இந்த விகிதம் இல்லை. ஜலந்தரின் பூட்டா மண்டியில் தோல் வியாபாரம் பல குடும்பங்களைச் செல்வந்தர்களாக்கியது. முதலில் காசு, பிறகு பாட்டு.

உத்தரப் பிரதேசத்தில் நிலைமை வேறு. சஹாரன்பூர் அருகே கட்கௌலி கிராமத்தில் 'தி கிரேட் சமார்' என்று வரவேற்புப் பலகை வைத்தார்கள். 2016இல் ஆதிக்க சாதியினர் அதன்மேல் மை பூச, மோதல் மூண்டது. வசவாகச் சொன்னபோது அவர்களுக்கு உறுத்தாத சொல்தான் அது.

ஊரே கூடிப் பலகை வைக்கலாம். இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் அந்தச் சாதி என்றால், அதே பாட்டைக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்பார்.