ஜானி கிரீன்வுட்டின் காது

திங்கள் இரவு

இந்த வாரம் ஜானி கிரீன்வுட் வாரம். ரேடியோஹெட் குழுவின் கிட்டார்க்காரர் என்றுதான் அவரை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அது பாதிதான். ‘கிட் ஏ’ (2000) ஆல்பத்திலிருந்து ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ பாட்டை இன்று விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். தாம் யார்க்கின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் விம்முகிறதே, அது மனிதத் தொண்டை அல்ல. ஓண்ட் மார்த்தெனோ என்கிற மின்கருவி. மொரீஸ் மார்த்தெனோ 1928இல் பாரிஸில் மேடையேற்றியது. வாசிப்பவர் வலது கை விரலில் ஒரு மோதிரத்தை மாட்டிக்கொள்வார். மோதிரம் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். கை நகர நகர சுரம் இழைந்து ஏறும், இறங்கும். எவ்வளவு சத்தம் என்பதை இடது கை ஒரு பித்தானை அழுத்தித் தீர்மானிக்கும். மார்த்தெனோ செல்லோ வாசித்தவர். வில்லின் அழுத்தத்தை மின்சாரத்துக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். கர்நாடக இசையில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஜாரு கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே படுவதில்லை.

செவ்வாய்

அந்தக் கருவிமேல் கிரீன்வுட்டுக்குப் பித்துப் பிடித்தது பதினைந்து வயதில். காரணம், ஒலிவியே மெசியானின் ‘துராங்கலீலா’ சிம்பொனி. 1946க்கும் 1948க்கும் இடையில் எழுதியது, பத்துப் பகுதிகள், ஒரு மணி நேரத்துக்கும் மேல். முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். பெரிய ஆர்கெஸ்ட்ராவின் தலைக்கு மேல் ஓண்ட் மார்த்தெனோ கூவுகிற இடங்களில் பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று புரிகிறது.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. மெசியான் தாளத்துக்காகப் போய் நின்ற இடம் சாரங்கதேவர். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்தவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் வரிசைப்படுத்திய 120 தேசி தாளங்கள், ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் அட்டவணை வழியாக மெசியான் கைக்கு வந்தன. நம் மிருதங்கக்காரர் யாரையாவது உட்காரவைத்து இந்த சிம்பொனியைப் போட்டால் ‘தாளம் எங்கே?’ என்பார். நியாயம்தான். அந்த அளவுகள் இங்கே ஆவர்த்தனமாகச் சுற்றுவதில்லை. வெட்டியெடுத்து, நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்.

புதன்

அக்கா வந்திருந்தாள். வயலின் வாசிக்கிறவள். நான் ‘பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்’ போட்டிருந்தேன். பிபிசியின் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் கிரீன்வுட் இசையமைப்பாளராக இருந்தபோது 34 தந்தி வாத்தியங்களுக்கு எழுதியது. 2005இல் அரங்கேறியது.

“என்னடா, கச்சேரிக்கு முன்னாடி சுருதி சேர்க்கறதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்காங்களா?”

“இல்லக்கா. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதிக் கொடுத்திருக்கார்.”

“அத்தனை பேரும் தப்பா வாசிக்கறதுக்கா?”

வானொலி முள்ளைத் திருகும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஓர் இரைச்சல் வருமே, அதை மனிதர்கள் வில்லால் வாசித்தால் எப்படியிருக்கும் என்பதுதான் அந்த ஆள் போட்ட கணக்கு. சொன்னதும் பேசாமல் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஓரிடத்தை மறுபடி போடச் சொன்னாள்.

இந்த வழியைக் காட்டியவர் போலந்துக்காரர் பெண்டெரெட்ஸ்கி. 52 தந்தி வாத்தியங்களுக்கான அவருடைய ஹிரோஷிமா ‘த்ரெனடி’ 1960இல் எழுதியது. அடுத்து வந்த ‘பாலிமார்ஃபியா’வில் 48 தந்தி வாத்தியங்கள். ‘த்ரெனடி’யின் ஒலிப்பதிவை மருத்துவமனை நோயாளிகளுக்குப் போட்டுக்காட்டி, அப்போது அவர்கள் மூளை அலைகள் தாளில் கிறுக்கிய கோடுகளையே ‘பாலிமார்ஃபியா’வின் சுரக்கோடுகளாக ஆக்கிக்கொண்டார். அந்த ரகளையெல்லாம் முடிந்து, கடைசியில் திடீரென்று ஒரு சாதுவான சி மேஜர். கிரீன்வுட் அந்த சி மேஜரைப் பிடித்துக்கொண்டார். ‘பாலிமார்ஃபியாவுக்கு 48 பதில்கள்’ என்று 2011இல் அவர் எழுதியது, குரு முடித்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிஷ்யன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

‘தேர் வில் பி பிளட்’ (2007) படத்துக்கு இசையமைக்க இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் அவரை அழைத்தபோது ‘பாப்கார்’னின் பகுதிகளும் படத்துக்குள் போயின. ஏற்கெனவே எழுதிய இசை கலந்திருக்கிறது என்று ஆஸ்கர் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். பரிசு போனால் போகிறது. எண்ணெய்க் கிணறுகளுக்கு மேல் அந்தத் தந்திகள் உறுமுவதைப் போல ஒரு சினிமா இசை அந்தப் பத்தாண்டில் எனக்கு வாய்க்கவில்லை.

வியாழன்

வேலை அதிகம். பேருந்தில் மட்டும் கேட்டேன், ட்ரோஜன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 2007இல் அவர் தேர்ந்து தொகுத்த ரெகே, டப் பாட்டுகள். மெசியான் பைத்தியத்துக்கு ஜமைக்கா எதற்கு என்று கேட்கலாம். டப்பில் மிக்சிங் மேஜையே வாத்தியம். பாட்டிலிருந்து எதையாவது எடுத்துவிட்டு, மிச்சத்தின் எதிரொலியைக் கேட்கவைப்பார்கள். ரேடியோஹெட்டில் இந்த ஆள் வாசிக்காமல் விடுகிற இடங்கள் நிறைய.

வெள்ளி

ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் அபிங்டன் பள்ளிப் பையன்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை பார்த்ததால், ரேடியோஹெட்டின் முதல் பெயர் ‘ஆன் எ ஃப்ரைடே’. ஜானிதான் கடைக்குட்டி, அண்ணன் காலின் ஏற்கெனவே குழுவில் பாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். இவருக்குக் கீபோர்டு வேலை. முன்னால் இருந்தவர் போட்ட இரைச்சலில் குழுவே நொந்துபோயிருந்ததால், இவர் கீபோர்டின் சத்தத்தை அணைத்துவிட்டு மாதக்கணக்கில் வாசிப்பதுபோல் பாவனை செய்தாராம். வீட்டுக்குப் போய் சுரக்கூட்டுகளைக் கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தை ஏற்றினாராம். பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை.

‘ஜுனூன்’ (2015) கேட்கும்போதெல்லாம் இந்தக் கதை ஞாபகம் வரும். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டைக்குள் தற்காலிக ஸ்டுடியோ போட்டு, ஷை பென் சூர் இயற்றிய பாட்டுகளை, கவ்வாலிப் பாடகர்கள், மாங்கணியார் கலைஞர்கள், பித்தளை வாத்தியக்காரர்கள் என்று ஒரு பெருங்கூட்டத்தோடு பதிவுசெய்தார்கள். கிரீன்வுட் எங்கே என்று தேடத்தான் வேண்டும். ஓர் ஓரமாக கிட்டார், ஓரிடத்தில் பாஸ். மேற்கத்திய நட்சத்திரங்கள் நம் பக்கம் வந்தால் சித்தாரைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இது எவ்வளவோ தேவலை. ஆண்டர்சன் எடுத்த ஆவணப்படத்திலும் அவர் பெரும்பாலும் தலைமுடியைத் தொங்கவிட்டுக்கொண்டு குனிந்தே இருக்கிறார்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலிய சேம்பர் ஆர்கெஸ்ட்ராவுக்கு ‘வாட்டர்’ எழுதினார். அதில் தம்புரா உண்டு. அவரே மீட்டியும் இருக்கிறார். பின்னணியில் சும்மா ரீங்கரிக்க விடாமல், அந்த ரீங்காரத்திலிருந்தே மற்ற தந்திகள் கிளம்புகிற மாதிரி எழுதியிருக்கிறார். அக்காவுக்கு அனுப்பினேன். “இது சரி” என்று பதில். அவள் அகராதியில் அது பெரிய பாராட்டு.

சனி

இன்றைய வேலைகளுக்கு வருவோம். யார்க்கோடும் டிரம்மர் டாம் ஸ்கின்னரோடும் சேர்ந்து ‘தி ஸ்மைல்’ என்ற குழு. ‘வால் ஆஃப் ஐஸ்’, ‘கட்அவுட்ஸ்’ ஆல்பங்கள் இரண்டும் 2024இல் வந்தன, ஒரே காலத்தில் பதிவானவை. முதலாவதுதான் என் கட்சி. ‘பெண்டிங் ஹெக்டிக்’ ஒன்று போதும்: கிட்டார்க் கம்பியை இழுத்து இழுத்து, சுரத்துக்குச் சுரம் நிற்காமல் நழுவும் ஒரு தொடக்கம், பிறகு தந்திகள் கும்பலாக ஏறுகின்றன, புதன்கிழமை கேட்ட அதே ஏற்றம், அது உடைந்து நேரே ராக் இரைச்சலில் விழுகிறது. சுமார் எட்டு நிமிடத்தில் அவர் கேட்டு வளர்ந்ததெல்லாம் வந்துவிடுகிறது.

இஸ்ரேலியப் பாடகர் டூடு டாசாவோடு 2023இல் செய்த ‘ஜரக் கரீபக்’ ஆல்பத்தில் அரபுலகின் பழைய காதல் பாட்டுகள். ஒரு நாட்டுப் பாட்டை இன்னொரு நாட்டுக்காரர் பாடுகிறார். காசாப் போர் நடக்கையில் டாசாவோடு டெல் அவிவ் மேடையேறியதற்குக் கடும் கண்டனம் வந்தது. 2025இல் இங்கிலாந்தில் இருவரும் நடத்த இருந்த கச்சேரிகள் ரத்தாயின. கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. பாட்டுகளையும் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

ஞாயிறு

ஸ்டீவ் ரைக். பதிவுசெய்து வைத்த கிட்டார்க் கூட்டத்தோடு ஒற்றைக் கிட்டார் பேசும் ‘எலெக்ட்ரிக் கவுண்டர்பாயிண்ட்’ 1987இல் அவர் எழுதியது. கிரீன்வுட் 2011இல் அதைப் போலந்தில் வாசித்தார். கேட்ட ரைக், ரேடியோஹெட் பாட்டுகளைத் தேடிப் போய், இரண்டை வைத்து ‘ரேடியோ ரீரைட்’ எழுதினார். எழுபது வயது தாண்டியவர் தன்னைக் கேட்டு வளர்ந்தவனிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார்.

மாலையில் அக்காவிடம், நார்விச்சில் 1756இல் கட்டிய எண்கோணத் தேவாலயத்தில் 2024இல் அரங்கேறிய கிரீன்வுட்டின் ஆர்கன் இசை பற்றிச் சொன்னேன். கட்டடத்தின் வயதுதான் தலைப்பு: ‘268 ஆண்டு எதிரொலி’. இரண்டு பேர் முறைவைத்து எட்டு மணி நேரம் வாசிக்க வேண்டும்.

“எட்டு மணி நேரமா?” என்றாள். “நடுவுல டிபன் உண்டா?”