வெயிலுக்கு ஒரு பின்னல் சட்டை

"அக்னி நட்சத்திரத்திலே ஸ்வெட்டரா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள். தஞ்சாவூர் வெயிலில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்!

நான் எடுத்தது கம்பளி அல்ல, பருத்தி நூல். திருப்பூர் பனியனும் பின்னல் துணிதானே? வியர்வையை உறிஞ்சும், கண்ணி இடைவெளியில் காற்று புகும். வேர்க்குருவால் ராத்தூக்கமின்றித் தவித்த என் பெண்ணுக்காகத்தான் இந்த அரைக்கைச் சட்டை.

முதல் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். ஈரக் கனத்தில் முழங்கால்வரை தொங்கிவிட்டது! கம்பளி போலப் பருத்தி இழுபட்டால் மீளாது. அத்தனையும் பிரித்தேன்.

மறுபடி, மாதிரிச் சதுரம் ஒன்று பின்னி, அலசி, பாயில் விரித்து உலர்த்தியபின் அளந்தேன். 4 அங்குலத்துக்கு 20 கண்ணி. 32 அங்குலச் சுற்றளவுக்கு 160. கச்சிதம்!

அன்றிரவு பெண் சொறியாமல் தூங்கினாள். காலையில் நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்: "எனக்கும் ஒண்ணு பின்னித் தர்றீங்களா அண்ணி?"