எழுப்பாமல் எடுத்த படம்

நம் பங்கு இல்லத்தின் முன்னறைச் சுவரில் ஒரு நிழற்படம் தொங்குகிறது. வருவோர் அதன் முன் சற்று நின்று, "இது என்ன சாமி, புகை படிந்த வானமா?" என்று கேட்பதுண்டு. புகையன்று, பறவைகள். மாலைக் கருக்கலில், மங்கிய ஒளியில், சிறகுகள் வெறும் தீற்றல்களாய்ப் பதிந்துபோன நானூற்றுச் சொச்சம் வரித்தலை வாத்துகள். இதனினும் பன்மடங்கு அழகிய படம் ஒன்று நம் மேசை அறைக்குள் கிடக்கிறது. அழகியது உள்ளே கிடக்க, மங்கியது சுவரில் தொங்குவானேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

படமெடுக்கும் பழக்கம் குருமட நாட்களிலேயே நம்மைத் தொற்றிக்கொண்டது. அந்நாளில் சுருள் ஒன்றுக்கு 36 படங்களே. ஒவ்வொரு படத்துக்கும் காசு என்பதால், விரலை அழுத்துமுன் பலமுறை எண்ணிப் பார்ப்போம். 2021-ஆம் ஆண்டு நமது குருத்துவ வெள்ளி விழாவின்போது பங்கு மக்கள் ஒன்றுசேர்ந்து வாங்கித் தந்த கருவியோ, நொடிக்குப் பத்துப் படம் எடுக்க வல்லது. கருவியின் வேகம் கூடியபோது நம் பொறுமை குறைந்துபோனதை அப்போது நாம் உணர்ந்தோமில்லை.

நெல்லை மாவட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகில் உள்ளது கூந்தன்குளம். 1994-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்குளத்தின் பரப்பு ஏறத்தாழ 129 ஹெக்டேர். உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்ற செய்தி 2022-இல் வெளியாயிற்று. ஆனால் அரசும் உலகமும் அறிவிக்கும் முன்னரே ஊரார் அப்பறவைகளைத் தம் பிள்ளைகளைப்போல் காத்து வந்துள்ளனர். வீட்டு முற்றத்து மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும், எச்சமும் மீன் நாற்றமும் கூரைமேல் விழும், எவரும் விரட்டுவதில்லை. பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை.

அக்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் விருந்தாளிகளே வரித்தலை வாத்துகள். வீட்டு வாத்தைவிடப் பெரியவை. இரண்டு மூன்று கிலோ எடையுள்ளவை. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகள் உண்டு. அவை பொரித்து வளரும் இடங்கள் மங்கோலியா, திபெத்து, கிர்கிஸ்தான் முதலிய நாடுகளின் உயர்நிலத்து ஏரிகள். மங்கோலியாவிலிருந்து நெல்லைச் சீமைக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல், இடையே இமயம். வாத்துகளின் உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்த அறிஞர்கள், 7,290 மீட்டர் உயரத்தில் அவை பறந்ததைப் பதிவு செய்துள்ளனர். அவ்வுயரத்தில் பிராணவாயு, கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. மனிதர் மூச்சுத் திணறும் அவ்விடத்தில் இவை சிறகடித்துப் பறக்கின்றன. இவற்றின் குருதி, குறைந்த காற்றிலிருந்தும் பிராணவாயுவை இறுகப் பற்றும் இயல்புடையது. இரவிலும் விடியலிலும் காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் என்பதால், பெரும்பாலும் அவ்வேளைகளிலேயே மலையைக் கடக்கின்றன. எப்போதும் உச்சத்திலேயே பறப்பதுமில்லை. மலைச்சரிவை ஒட்டி ஏறியும் இறங்கியும் செல்வதால் அவற்றுக்கு வலிமை மிச்சமாகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இவற்றின் குடும்ப ஒழுக்கமோ நம்மை இன்னும் வியக்கவைப்பது. அவ்வாண்டில் பொரித்த குஞ்சுகள் தாய் தந்தையருடனேயே முதற்பயணம் வருகின்றன. குளிர்காலம் முழுவதும் அவர்கள் அருகிலேயே தங்கி வழியையும் மேய்ச்சலையும் கற்கின்றன. ஆகவே குளத்தில் நாம் காணும் பெருங்கூட்டம் உண்மையில் பல குடும்பங்களின் திரள்.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை விடியலில் நாம் அக்கரையில் நின்றோம். மறுஆண்டுப் பங்கு நாட்காட்டிக்கு ஒரு படம் தருவதாக வாக்களித்திருந்தோம். முக்காலியைச் சுமக்க, பூசைக்கு உதவும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் உடன் வந்திருந்தான். கூட்டம் வானில் எழும் காட்சியைப் பிடிக்க வேண்டுமானால் சில விதிகள் உண்டு. கதிரவன் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும். வாத்து காற்றை எதிர்த்தே எழும்பும். ஆதலின் காற்று வரும் திசையில் நின்றால் அதன் முகம் நம்மை நோக்கியிருக்கும். சிறகின் அசைவை உறைய வைக்க நொடியில் ஆயிரத்திலொரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விட வேண்டும். வெளிச்சமான வானத்தின் எதிரே பறவைகள் கரிக்கட்டையாய் விழாதபடி, கருவி காட்டும் கணக்கைவிடச் சற்று மிகுதியாய் ஒளி கொடுக்கவும் வேண்டும். இவையனைத்தையும் நாம் செவ்வனே செய்து முடித்தோம். வாத்துகள்தாம் எழும்பவில்லை.

இரவெல்லாம் வயல்களில் மேய்ந்துவிட்டுத் திரும்பியவை, அலகை முதுகிறகில் செருகி நீரோரத்தில் உறங்கின. ஒரு மணி நேரம் கழிந்தது, மற்றொன்றும் கழிந்தது. வெயில் ஏறினால் ஒளியின் பொன்னிறம் போய்விடுமே என்ற தவிப்பில், "இவை ஒரு முறை எழும்பினால் போதுமே!" என்று வாய்விட்டுச் சொன்னோம்.

சிறுவன் நம் முகத்தைப் பார்த்தான். பின்னர்க் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். அவன் குனிந்ததை நாம் கண்டோம். "வேண்டாம்" என்று சொல்ல நேரமும் இருந்தது. சொல்லவில்லை, கருவியைக் கண்ணருகே உயர்த்தினோம்.

கல் நீரில் விழுந்தது. குளமே எழுந்து வானில் ஏறியதுபோல் இருந்தது. நூற்றுக்கணக்கான சிறகுகளின் கீழே பொன்னொளி. ஒவ்வொரு தலையிலும் இரு கரும்பட்டைகள் எண்ணிவிடும்படித் தெளிவு. நம் வாழ்நாளில் அத்தகைய படம் எடுத்ததில்லை; இனி எடுக்கப்போவதுமில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர். "சாமி, அதுக ராவெல்லாம் மேஞ்சிட்டு இப்பத்தான் அசந்து கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல ஊரு திரும்பணும். அதுக்குன்னு ஒடம்புல சேத்து வச்சதை இப்படிக் கரைக்கலாமா?" கூட்டம் சிதறி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. சில தென்கரையில் இறங்கின. சில அடுத்த குளத்துப் பக்கம் போயின. எங்கும் ஒரே கூச்சல். "குடும்பம் குடும்பமா வந்ததுக. இப்பக் கத்துதே, அது ஒண்ணையொண்ணு தேடுற சத்தம்" என்றார் அவர்.

நாம் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். நாம் சிறுவன் பக்கம் திரும்பி, "ஏன்ப்பா கல்லெறிஞ்சே? தப்பில்லையா?" என்று கடிந்துகொண்டோம். அவன் தலை குனிந்து நின்றான். ஒரு சொல்லும் பேசவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பங்குத் திருவிழாவில் வைத்தோம். பாராட்டாதவர் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் அச்சிறுவனின் தாய் வந்து, "சாமி, அவன் அந்தப் படத்தைப் பாக்க வரமாட்டேங்கிறான். 'ஊரார் முன்னால சாமி பேரைக் கெடுத்துட்டேன்'னு சொல்லி அழுறான்" என்றார். அச்சொல் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஊரில் எத்தனையோ பேருக்கு நீதி சொல்லும் நாம், ஒரு பிள்ளையின் தோளில் நம் குற்றத்தை ஏற்றிவைத்து, அவன் அதைச் சுமப்பதையும் மறந்திருந்தோம்.

அன்று மாலையே அவனைக் கோவில் படியில் அருகே அமர்த்தி, "தம்பி, கல்லெறிஞ்சது உன் கை, எறியச் சொன்னது என் ஆசை. நீ குனிஞ்சதை நான் பாத்துட்டேன். தடுக்கலை. உன்மேல பழி போட்டது என் தப்பு. மன்னிச்சிடு" என்றோம். அவன் நெடுநேரம் நம்மையே நோக்கியிருந்துவிட்டு, "நீங்க பாத்தீங்களா சாமி?" என்று மட்டும் கேட்டான். ஆம் என்றோம். அவன் கண் கலங்கிற்று. பின்னர் மெல்ல முகம் தெளிந்தது. படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேசை அறைக்குள் வைத்தோம். அவ்வாண்டு நாட்காட்டியில் கோவில் கோபுரமே அச்சாயிற்று.

2023 ஜனவரியில் அவனையும் அழைத்துக்கொண்டு மீண்டும் கூந்தன்குளம் சென்றோம். முதலில் அப்பெரியவரைத் தேடிப்பிடித்து நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்து, கரையில் மறைவான ஓரிடம் காட்டினார். "எழும்பலைன்னா என்ன சாமி செய்றது?" என்றான் சிறுவன். "சும்மா பாத்துட்டுப் போவோம்" என்றோம்.

பகல் முழுவதும் அவை எழும்பவில்லை. கதிரவன் மறைந்த பின்னரே ஒரு தலை நிமிர்ந்தது, பின் பத்து, பின் நூறு. கூவல் மெல்ல ஓங்கிற்று. ஒரு குடும்பம் எழுந்தது. அதன் பின்னே மற்றொன்று. வரிவரியாய் வயல்களை நோக்கிச் சென்றன. ஒளியோ நொடியில் நாற்பதிலொரு பங்குக்கே இடம் தந்தது. சிறகுகள் தீற்றலாகிவிடும் என்று அறிந்தே விரலை அழுத்தினோம். பெரியவர் மெல்லச் சொன்னார்: "இப்பக் கேளுங்க சாமி, ஒண்ணும் ஒண்ணைத் தேடலை."

வீடு திரும்பியதும் சிறுவன் அப்படத்தின்மேல் கட்டங்கள் வரைந்து, மூன்று மாலைகள் அமர்ந்து, ஒவ்வொரு தீற்றலாய் எண்ணினான்: 437. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் ஈடுபாடுடைய அன்பர் ஒருவரிடம் அவ்வெண்ணைக் கொடுத்தோம். அவர் மகிழ்ந்து குறித்துக்கொண்டபோது அச்சிறுவனின் முகத்தில் கண்ட ஒளியை எந்தக் கருவியும் பிடித்திராது.

விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் குளக்கரைகளுக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒரு சொல். பறவை மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பது பொருள், ஓரடி பின்வாங்குங்கள். சரணாலயத்தில் அவற்றைத் துன்புறுத்துவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. ஆனால் பிள்ளைகள் சட்டத்தைப் படித்துக் கற்பதில்லை. நம் வாய் சொல்லாத ஆசையையும் அவர்கள் நம் முகத்தில் படித்துவிடுகிறார்கள். அது நினைவிலிருக்கவே, அந்த மங்கிய படம் நம் முன்னறையில் தொங்குகிறது.