கண் வைக்க இடமில்லாத கெமரா

"சேர், எங்கட தலையெல்லாம் எங்க?"

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் எங்கள் அதிபர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கொடியேற்றிய அதிபர், அணிநடை மரியாதையை ஏற்ற பிரதம அதிதி, பரிசு வாங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் நான் எடுத்த படங்களில் கழுத்து வரைதான் உருவம் விழுந்திருந்தது. மைதானத்துப் புல் மட்டும் ஒன்றுவிடாமல் அழகாக வந்திருந்தது.

"மன்னிக்க வேணும் சேர். இந்தக் கெமராவுல கண்ண வெச்சிப் பாக்க இடமில்ல" என்றேன்.

அதிபர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அத ஏன் கொண்டு வந்த நீங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். அந்தக் கெமரா 2018ஆம் ஆண்டு என்னிடம் வந்தது. கட்டாரில் தொழில் செய்த மச்சான் விடுமுறையில் வந்தபோது, அங்கே யாரோ பாவித்து விற்றதை எனக்கென்று வாங்கி வந்திருந்தார். ரிக்கோ ஜீஆர் 2 என்று பெயர். 2015இல் வெளிவந்தது. மின்கலத்தோடு சேர்த்தும் கால் கிலோதான் இருக்கும். சட்டைப் பையில் அடங்கிவிடும். ஒரே வில்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் வசதி அதற்கு இல்லை. கிட்ட வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வியூபைண்டர் என்று சொல்லும் அந்தப் பார்வைத் துளை அதில் இல்லவே இல்லை. பின்புறத்தில் மூன்று அங்குலத் திரையொன்று மட்டும் உண்டு.

துளையில்லாத கெமரா புதுமையல்ல என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். 1995இல் கேசியோ நிறுவனம் கியூவி-10 என்ற டிஜிட்டல் கெமராவைச் சந்தைக்கு விட்டது. எடுத்த படத்தை அந்த இடத்திலேயே பின்புறத் திரையில் பார்க்கலாம் என்பதுதான் அதன் அதிசயம். திரை வந்த அன்றே துளை போய்விட்டது. இன்று நம் எல்லோருடைய கையிலும் இருக்கும் தொலைபேசியும் துளையில்லாத கெமராதான். ஆனால் அதைக் கொண்டு படம் எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துத் திரைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். எதிரில் நிற்கும் மனிதரைப் பார்ப்பதில்லை. துளை போனாலும், மறைந்து நின்று பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

என் விடயத்தில் திரையும் உதவவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எங்கள் கிழக்குக் கரையின் வெயில். பத்து மணிக்குப் பிறகு வெளியில் நின்றால் எந்தத் திரையும் கண்ணாடியாகிவிடும். எடுக்க வேண்டிய காட்சி தெரியாது. எடுப்பவனின் வியர்த்த முகந்தான் தெரியும். மற்றது, என் வயது. நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டால் திரை தெரியும், ஆள் மங்கும். கழற்றினால் ஆள் தெரியும், திரை மங்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். நான் ஆளைத் தெரிவு செய்தேன். அதன் முதற் பலன்தான் அந்தத் தலையில்லாப் படங்கள்.

வாத்தியார்ப் புத்தி சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை வகுப்பறையின் மீற்றர்க்கோலை எடுத்துக்கொண்டு போய், வெண்கட்டியால் சுவரில் கோடு கீறி அளந்து பார்த்தேன். இரண்டு மீற்றர் தூரத்தில் நின்றால் சுமார் இரண்டரை மீற்றர் அகலமும், ஒரு மீற்றர் எழுபது சென்ரிமீற்றர் உயரமும் இந்த வில்லைக்குள் அடங்குகின்றன. வில்லையின் வாயை எட்டு என்ற எண்ணுக்குச் சுருக்கி, தெளிவுத் தூரத்தை இரண்டு மீற்றரில் நிறுத்திவிட்டால், ஒரு மீற்றருக்கு அப்பால் மைதானத்தின் மறுகரை வரையில் ஏறத்தாழ எல்லாமே தெளிவாக விழும். பிறகு திரை எதற்கு? இரண்டு மீற்றர் என்பது ஒருவர் அடுத்தவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய தூரம். கெமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பேசியபடியே விசையை அழுத்தப் பழகிக்கொண்டேன். தலைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

இதை மச்சானிடம் சொன்னபோது சிரித்தார். "கெமராவுக்கு மேல கொழுவிற மாதிரி தனியா ஒரு கண்ணாடித் துளை விக்கிறான். அடுத்த பயணம் வாங்கிட்டு வாறன்" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று அவருக்கு விளங்கப்படுத்த அன்று என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரை ஒரு வகையில் அவருக்கான பதில்தான்.

எங்கள் ஊர் மருதமுனை. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வாப்பா சாரன் நெய்தார். உம்மா இராட்டையில் நூல் சுற்றினா. 1999இல் வாப்பா மௌத்தானார். அவருடைய ஆறு படங்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தபோது தறி போனது, வீடு போனது, அந்தத் தகரப் பெட்டியும் போனது. உயிர் தப்பியதே அல்லாஹ்வின் அருள் என்றிருந்த அந்த நாட்களில், படங்கள் போனதைப் பற்றி வாய்திறந்து பேசுவதற்கே வெட்கமாக இருந்தது. அடுத்த வீட்டில் பிள்ளைகளையே பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள்.

அந்த இழப்பின் கனம் பின்னால்தான் தெரிந்தது. வாப்பாவின் முகத்தை நினைக்க முயன்றால் எனக்கு வருவது அந்த ஆறு படங்களில் ஒன்றுதான். ஸ்ரூடியோவில் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த முகம். தறியில் குனிந்து பாட்டு முணுமுணுத்த முகம் அல்ல. எனக்கு ஞாபகம் இருப்பது வாப்பாவா, வாப்பாவின் படமா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆகவே உம்மாவையாவது நன்றாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் வெறியாகவே வளர்ந்தது. உம்மா சம்மதிக்கவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர வேறு படம் அவவுக்கு இல்லை. அது மார்க்கப் பேணுதல் என்றுதான் நான் நீண்டகாலம் எண்ணியிருந்தேன். உருவம் வரைவது பற்றிய எச்சரிக்கைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவ. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை எடுத்துச் சொன்னேன். எகிப்தின் முஃப்தியாக இருந்து 1935இல் மறைந்த முஹம்மத் பகீத் அல்-முதீயீ, புகைப்படம் என்பது படைத்தலுக்கு ஒப்பாவதல்ல, நிழலைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே என்று எழுதியதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டா.

"நான் ஹறாம் எண்டு சொன்னனா மனே?" என்றா. பிறகு ஒரு சம்பவத்தை நினைவூட்டினா.

2005 ஜனவரி. நாங்கள் அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்தோம். வெளியூர்க்காரர்கள் பலர் வந்து போனார்கள். நல்ல உள்ளத்தோடு வந்தவர்களே அநேகர். அவர்களில் ஒருவர் கூடார வாசலில் குந்தி, பெரிய கெமராவைக் கண்ணில் வைத்து, பாயில் உட்கார்ந்திருந்த உம்மாவைப் படமெடுத்தார். கேட்கவில்லை, ஸலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. எடுத்தார், எழுந்தார், அடுத்த கூடாரத்துக்குப் போனார். உம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்ததும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அதற்குள் இருந்த காரணத்தை அன்றுதான் கேட்டேன்.

"அவன் அவன்ட முகத்த மறச்சிக்கிட்டு என்ட முகத்த எடுத்துக்கு போனான். ஆரெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா. பிறகு ராத்தாட கலியாணத்துல நீயும் அப்படித்தானே மனே வந்து நிண்ட?"

உண்மைதான். இரவல் கெமராவொன்றைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, கலியாண வீட்டில் உம்மாவைப் பின்தொடர்ந்து திரிந்தவன் நான். ஒரு கண்ணை மூடி, மறுகண்ணைத் துளைக்குள் விட்டு, பெற்ற தாயையே சட்டத்துக்குள் அடக்கப் பார்த்தவன். அந்தத் துளைக்குள் எனக்கு உம்மா தெரிந்தா. உம்மாவுக்குத் தெரிந்தது ஒரு கறுப்புப் பெட்டிதான்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்து விரிவுரையாளர் ஒருவரின் புத்திமதி அப்போது நினைவுக்கு வந்தது. கற்பித்தல் பயிற்சியின்போது நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதியபடியே பாடம் நடத்துவேன். பயத்தில் செய்ததுதான். பின் வரிசையில் இருந்து கவனித்த அவர், பாடம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே, பிள்ளை உன் முகத்தைப் பார்த்துத்தான் படிக்கும் என்ற கருத்தில் சொன்னார். வகுப்பறையில் அதைக் கடைப்பிடித்தேன். வகுப்புக்கு வெளியே மறந்துவிட்டேன்.

ஒளி பற்றிய பாடம் வரும்போது பால்மா டின்னில் ஊசித்துளைக் கெமரா செய்து காட்டுவது என் வழக்கம். டின்னின் அடியில் ஊசியால் ஒரு துளை. வாயில் எண்ணெய் தடவிய தாள். சன்னலுக்கு நேரே பிடித்தால் வெளியில் நிற்கும் தென்னைமரம் தாளில் தலைகீழாக விழும். பிள்ளைகள் ஆரவாரிப்பார்கள். அப்போது பஸறாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதமைப் பற்றிச் சொல்வேன். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று பழைய கிரேக்க அறிஞர் சிலர் கருதினார்கள். அவரோ பதினோராம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில், பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதால்தான் பார்வை உண்டாகிறது என்று நிறுவினார். பார்ப்பது என்பது போய் எடுப்பதல்ல, வருவதை ஏற்றுக்கொள்வது. பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்துவிட்டு, கெமராவைத் தூக்கியதும் நான் மட்டும் எடுப்பவனாக மாறியிருக்கிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன, ஊரடங்கு வந்தது. வீட்டைவிட்டு வெளியேற முடியாத நாட்கள். தறிகளும் ஓய்ந்திருந்தன. உம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. மிஞ்சிக் கிடந்த நூலை இராட்டையில் சுற்றிக்கொண்டிருப்பா. அஸர் தொழுதுவிட்டு அவவுக்கு எதிரே போய் உட்காருவேன். பழங்கதைகள் பேசுவோம். கெமரா என் மடியில் கிடக்கும். நான் அதைத் தொடுவதில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ உம்மாவாகவே கேட்டா.

"கண்ண வெச்சிப் பாக்கிற ஓட்ட எங்க மனே இதுல?"

"இதுக்கு ஓட்ட இல்ல உம்மா."

"அப்ப நீ எங்க பாப்பா?"

"உங்களத்தான் பாப்பன்."

கொஞ்ச நேரம் இராட்டை மட்டும் சுழன்றது. பிறகு தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டா. முகத்தை மூடவில்லை.

"அப்ப எடு" என்றா.

மூன்று படங்கள் எடுத்தேன். திரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக எடுத்திருப்பேன். இரண்டு படங்கள் கையசைந்து கலங்கிப்போயின. மூன்றாவதும் குறையற்றதல்ல. ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. இராட்டையின் பாதி வெளியே போய்விட்டது. கூரைத் தகரம் தேவைக்கு அதிகமாக விழுந்திருக்கிறது. போட்டிக்கு அனுப்பினால் முதற் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

உம்மா 2022இல் எங்களைவிட்டுப் போனா. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன். நாற்பது கழிந்த பிறகுதான் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கத் தைரியம் வந்தது. என் சின்ன மகளும் பக்கத்தில் வந்து நின்றாள். நீண்ட நேரம் பார்த்துவிட்டுக் குற்றம் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள்.

"மூத்தம்மா கெமராவப் பாக்கல்ல வாப்பா."

அவள் சொல்லும்வரை நான் அதைக் கவனிக்கவில்லை. உம்மாவின் கண்கள் வில்லைக்குச் சற்று மேலே நோக்கியிருந்தன. நெஞ்சுக்கு நேரே கெமராவைப் பிடித்தால் எதிரில் இருப்பவர் பார்ப்பது வில்லையையல்ல, பிடித்திருப்பவனின் முகத்தை. பிறகு என் மற்றப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். பரிசு வாங்கும் பிள்ளை, சந்தையில் மீன் வெட்டுபவர், பள்ளிவாசல் திண்ணையில் சாய்ந்திருக்கும் முதியவர் எல்லோருமே வில்லைக்கு ஒரு சாண் மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஓம் மகள். மூத்தம்மா என்னத்தான் பாக்கிறா" என்றேன்.

மச்சான் மறுபடியும் விடுமுறையில் வந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அந்தக் கண்ணாடித் துளையைச் சின்னப் பெட்டியொன்றில் வாங்கி வந்துவிட்டார். அவர் மனம் நோகக்கூடாதென்று வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை வாசித்தால் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன். இந்த முறை அவரையும் ஒரு படம் எடுக்க வேண்டும். தலை வராமல் போனாலும் பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். மீற்றர்க்கோல் கைவசம் இருக்கிறது.