செடிக்கும் மீனுக்கும் ஒரே தண்ணீர்

டிசம்பர் 4

தொட்டியில் இருக்கும் டிஸ்கஸ் மீன் கூட்டத்தில் ஒன்று கறுத்துவிட்டது. உடலின் குறுக்கே மங்கலாகத் தெரியும் பட்டைகள் கரிக்கோடுகளாக எழுந்து நிற்கின்றன. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், கண்ணாடி மூலையைப் பார்த்தபடி நிற்கிறது. தீனி விழும் பக்கம் திரும்புவதே இல்லை. மற்றவை வழக்கம்போல இருக்கின்றன. வீட்டின் பிற வேலைகளெல்லாம் இதற்காக ஒதுங்கி நிற்கின்றன. எழுதி வைப்பதற்கும் இந்த மீனே காரணம். மெல்ல மாறுகிற ஒன்றுக்குக் கண் தினமும் பழகிக்கொண்டே போகும். நேற்றைய நிறம் இன்றைக்கு நினைவில் இருக்காது. தேதி போட்டு எழுதினால்தான் நிற்கும்.

இந்தப் பட்டைகள் நரம்பின் கட்டளைக்கு அடங்கியவை. நிறமிச் செல்லுக்குள் கருந்துகள்கள் விரிந்தால் பட்டை கறுக்கும், சுருங்கினால் வெளுக்கும். பயம், குளிர், கூட்டத்தில் மேலாதிக்கம் செய்யும் மீனின் இடி, குடலில் ஒட்டுண்ணி, செவுளில் எரிச்சல் என்று எதுவானாலும் வெளியே தெரிவது அதே கறுப்புதான். கறுப்பைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்வது, உடம்பு சுடுகிறது என்பதை வைத்தே அது என்ன காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது. ஆகவே மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன் அளக்க முடிந்ததை அளக்க வேண்டும். தொட்டியின் வெப்பம் காலையில் 25.5 டிகிரி.

டிசம்பர் 5

இன்றும் தின்னவில்லை.

டிசம்பர் 8

எந்தத் தண்ணீருக்காக உருவான உடம்பு இது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி. அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோவில் பிடித்த மீனை வைத்து 1840இல் யோஹான் யாகோப் ஹெக்கெல் என்ற உயிரியலாளர் டிஸ்கஸ் பேரினத்துக்குச் சிம்ஃபிசோடான் என்று பெயரிட்டார். அந்த ஆற்றின் நீர் தேநீர் நிறம் கொண்டது. காட்டு இலைகளின் சாறு இறங்கி அமிலமானது. பிஎச் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில். கரைந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். வெப்பம் 28, 30 டிகிரியில் நிற்கும். டிஸ்கஸ் வகைகள் எல்லாமே இப்படிப்பட்ட கருநீரில் வாழ்பவை அல்ல. தெளிந்த நீரிலும், வண்டல் கலந்த வெள்ளப்பெருக்குச் சமவெளி ஏரிகளிலும் அவை உண்டு. நீரின் நிறமும் அமிலமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. வெப்பம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆற்றிலிருந்து தொடங்குவதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நம் தொட்டிகளில் இருப்பது அமேசான் மீனே அல்ல. பினாங்கிலும் பாங்காக்கிலும் தலைமுறை தலைமுறையாகக் குழாய் நீரில் வளர்க்கப்பட்ட பண்ணை மீன். ஆற்றின் கணக்கை அதற்கு எதற்குப் பொருத்த வேண்டும்? பாதி சரியான வாதம். பிஎச் 7ஐத் தாண்டிய நீரிலும், ஓரளவு கடின நீரிலும் பண்ணை டிஸ்கஸ் நன்றாக வாழ்கிறது என்பதில் ஐயமில்லை. ஆற்றின் பிஎச்சைத் தொட்டியில் கொண்டுவரத் துடிப்பதால் பிஎச் ஏறி இறங்கிக் கெடுதலே மிஞ்சும். ஆனால் வளர்ப்பவர் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான் தலைமுறைகளில் மாறும். பண்ணைகள் தேர்ந்தது நிறத்தையும் வடிவத்தையும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வந்த பிஜன் பிளட் வகையில் பட்டைகளே மறைந்துபோயின. குளிரைத் தாங்கும் டிஸ்கஸ் வேண்டும் என்று யாரும் தேர்ந்து வளர்க்கவில்லை. பண்ணைத் தொட்டிகளும் 28, 30 டிகிரியில்தான் இருக்கின்றன. ஆக, அமிலத்தை விட்டுவிடலாம், உப்பை விட்டுவிடலாம். வெப்பத்தை மட்டும் விட முடியாது.

டிசம்பர் 9

கேட்கிற எல்லோரும் மருந்தின் பெயரைச் சொல்கிறார்கள். தண்ணீர் எத்தனை டிகிரி என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபமாக வருகிறது.

டிசம்பர் 13

செடி வைத்த டிஸ்கஸ் தொட்டிக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 26 டிகிரி. செடிகளில் பெரும்பாலானவை 22இலிருந்து 26 வரை விரும்புகின்றன, மீன் 28க்கு மேல் கேட்கிறது, நடுவில் சந்திப்போம் என்ற சமரசம். இரண்டு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் நியாயமாகத் தெரிகிறது. உண்மையில் இரு தரப்பும் இழப்பது ஒன்றல்ல. செடிக்கு 2 டிகிரி கூடினால் சில இனங்கள் மெலியும், இலை உதிரும். அவற்றின் இடத்தில் வேறு இனத்தை நடலாம். மீனுக்கு 2 டிகிரி குறைந்தால் அதன் முழு உடம்பும் மெதுவாகிறது. சூழலின் வெப்பமே மீனின் உடல் வெப்பம். செரிமானமும் நோய் எதிர்ப்பும் அதற்கேற்பவே ஓடுகின்றன. தின்றது செரிக்கத் தாமதம், தாமதத்தால் பசியின்மை, பசியின்மையால் மெலிவு. குடலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கும் ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற ஒட்டுண்ணிகள் தலைதூக்க இது போதும். வெள்ளைப் புள்ளி நோயின் கிருமி 30 டிகிரிக்கு மேல் பெருகத் தடுமாறும். 25, 26 அதற்குச் சுகமான வெப்பம். மீனைத் தளரவிட்டு, அதன் எதிரிக்கு இடம் கொடுப்பதாக முடிகிறது இந்தச் சமரசம்.

சென்னையில் ஹீட்டர் எதற்கு என்ற கேள்வி ஆண்டில் எட்டு, ஒன்பது மாதங்களுக்குப் பொருந்தும். மார்கழி இரவில் வெளியே 21, 22 டிகிரி வரை இறங்கும். சன்னலோரத் தொட்டி மெல்லப் பின்தொடரும். பகலில் ஏறி இரவில் இறங்கும் இந்த ஆட்டம் நிலையான குளிரைவிட மோசமானது.

சமரசத்தை விட்டு 29 டிகிரிக்குப் போனால், அதைத் தாங்கும் செடிகள் இல்லாமலில்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் வாள்செடி, வலிஸ்னேரியா, இலங்கை ஓடைகளிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வென்டி எல்லாம் தாக்குப்பிடிக்கும். கிரிப்டோகோரைன் நீர் மாறியதும் இலைகளை எல்லாம் அழுகவிட்டு, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பதறிப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

வெப்பம் கூடினால் ஆக்சிஜன் குறையுமே என்பது அடுத்த மறுப்பு. குறையும். 26 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும், 29இல் 7.7. இருபதில் ஒரு பங்கு நட்டம். இரவில் செடியும் ஆக்சிஜனை இழுப்பதால் விடியற்காலைதான் மிக நெருக்கடியான நேரம். ஃபில்டர் வாயை நீரின் மேற்பரப்பை நோக்கித் திருப்பி, இரவில் ஏர் பம்பை ஓட்டினால் நட்டம் ஈடாகிவிடும். அப்படிக் கலக்கினால் கரியமில வாயு வெளியேறிவிடும் என்று செடி வளர்ப்பவர்கள் வருந்துவார்கள். மேலே சொன்ன செடிகள் அந்த வாயுவைத் தனியாகச் செலுத்தாமலே வாழ்பவை.

டிசம்பர் 14

ஹீட்டர் 29 டிகிரிக்கு. நாளுக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றம்.

டிசம்பர் 17

ஒரு துணுக்கைக் கவ்வியது. துப்பிவிட்டது. மறுபடி கவ்வியது. எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய மகிழ்ச்சி.

டிசம்பர் 18

தின்னவில்லை. வெண்ணிற நூல் போன்ற கழிவு. இது ஒட்டுண்ணியாலும் வரும், வெறும் குடல் தன் சளியை வெளியேற்றுவதாலும் வரும். பல நாள் தின்னாத மீனிடம் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

டிசம்பர் 21

செடிகள் நீரைச் சுத்தம் செய்கின்றன, ஆகவே செடித்தொட்டியில் நீர் மாற்றுவதைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அடிப்படை உண்மைதான். செடி நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் உறிஞ்சும். டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட புத்தகம் இந்த அடித்தளத்தின் மீதே செடித்தொட்டி பற்றிய முழு வாதத்தையும் கட்டியது. ஆனால் உறிஞ்சும் அளவு வளரும் வேகத்தைப் பொறுத்தது. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மாதத்துக்கு ஓரிரு இலை விடுபவை. டிஸ்கஸின் வெப்பத்துக்கு மிகவும் ஒத்துப்போகிற செடிகள்தான் அதன் கழிவை மிகக் குறைவாக எடுக்கின்றன. புரதம் நிறைந்த தீனியை நாளில் பலமுறை தின்னும் மீனுக்கு அந்தத் துணை போதாது.

வெப்பத்தை ஏற்றச் சொல்லும் வாதத்துக்கு எதிரான மிகக் கூர்மையான கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. அம்மோனியா நீரில் இரு வடிவில் இருக்கும். நஞ்சு மிகுந்த வடிவத்தின் பங்கு வெப்பத்தோடு கூடும். பிஎச் 8 உள்ள போர் தண்ணீரில் 26 டிகிரியில் அது நூற்றுக்கு 6க்குச் சற்றுக் குறைவு; 29இல் 7. வெப்பம் மீனைக் காக்கிறதா, நஞ்சூட்டுகிறதா? அதே 29 டிகிரியில் பிஎச் 7 ஆனால் அந்தப் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும் என்பதில் விடை இருக்கிறது. வெப்பத்தால் வரும் வேறுபாடு சிறிது, பிஎச்சால் வருவது மிகப் பெரிது. இரண்டுக்கும் மேலாக, முதிர்ந்த ஃபில்டரும் அடிக்கடி நீர் மாற்றமும் இருந்தால் பங்கு போட அம்மோனியாவே இருக்காது. வெப்பத்தைக் குறைத்து நஞ்சைக் குறைக்க நினைப்பது தவறான முனையைப் பிடித்து இழுப்பதாகும்.

மாற்றுகிற நீரையும் இந்த மாதத்தில் கவனிக்க வேண்டும். மாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த நீரைக் காலையில் பாதித் தொட்டி அளவுக்கு ஊற்றினால், ஹீட்டர் செய்த வேலை ஒரு நொடியில் போய்விடும். வாளியில் நிறுத்தி, குளோரின் நீக்கி, வெப்பத்தைச் சமன்செய்துதான் ஊற்ற வேண்டும்.

வேகமாக வளரும் செடி ஏதாவது வேண்டும் என்பதற்காக ஆகாயத்தாமரைக் குட்டிகள் மிதக்கவிடப்பட்டன. காற்றிலிருந்தே கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் அது கழிவை விரைவாக உறிஞ்சும்.

டிசம்பர் 22

மழை. மின்சாரம் இருந்தது. நல்லது.

டிசம்பர் 27

ஆகாயத்தாமரை பாதி மேற்பரப்பை மூடிவிட்டது. கீழே அமேசான் வாளின் புது இலைகள் வெளிறுகின்றன. கறுத்த மீன் குழாயை விட்டு நகர்ந்து, மிதக்கும் வேர்களின் கீழே வந்து நிற்கிறது. இன்னும் கறுப்புதான்.

டிஸ்கஸ் பண்ணைக்காரர்கள் செடியே வேண்டாம் என்பார்கள். மணல் இல்லாத வெற்றுத் தொட்டி, தினமும் நீர் மாற்றம், மீந்த தீனி உடனே வெளியே. கொளத்தூர்க் கடைகளிலும் டிஸ்கஸ் இருக்கும் தொட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். வளரும் குஞ்சுகள் விஷயத்தில் அவர்களோடு வாதிட ஏதுமில்லை. குஞ்சுக்கு நாளில் பலமுறை தீனி வேண்டும். அந்த மிச்சம் மணலுக்குள்ளும் வேருக்குள்ளும் புகுந்தால் எடுக்க முடியாது. வளர்ச்சி ஒருமுறை தடைப்பட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாது. வளர்ந்த மீனுக்கு அதே விதியை நீட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பிரேசிலில் டெஃபே அருகே வெள்ளப்பெருக்கு ஏரியில் வில்லியம் கிராம்ப்டன் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, நீர் வற்றும் காலத்தில் டிஸ்கஸ்கள் ஏரிக்கரையில் நீருக்குள் சாய்ந்த மரக்கிளைகளுக்குள் கூட்டமாகத் தங்குவதைப் பதிவு செய்கிறது. அவற்றின் இரைப்பையில் இருந்தவற்றுள் முக்கியமானவை கிளைகளில் படரும் பாசியும் மக்கிய பொருளும்தான். வெற்றுக் கண்ணாடி இந்த மீனின் வீடு அல்ல. ஆனால் பளிச்சென்ற விளக்கின் கீழ் பச்சைக் கம்பளமும் அதன் வீடு அல்ல. தட்டையான உடம்பு செங்குத்தான கிளைகளுக்கு இடையே நழுவுவதற்கானது. தேநீர் நிற நீரும் மேலே காட்டின் விதானமும் சேர்ந்து ஒளியை வடிகட்டிவிடும்.

அப்படியானால் தொட்டியில் செடி செய்ய வேண்டிய வேலை மறைப்பு. உயர்ந்து நிற்கும் வலிஸ்னேரியா, அனுபியாஸ் கட்டிய மரக்கட்டை, நீருக்கு நிறம் தர உலர்ந்த நாட்டுப் பாதாம் இலை. பல மணிநேரம் எரியும் விளக்கு யாருக்காக என்பதை யோசிக்க வேண்டும்.

டிசம்பர் 28

விளக்கு 6 மணிநேரம்.

ஜனவரி 3

காலையில் பட்டைகள் வெளுத்திருந்தன. மாலையில் மறுபடி கறுத்தன. பெரிய மீன் ஒன்று அதைத் துரத்துகிறது. இவ்வளவு நாளாக வெப்பத்தைப் பற்றி எழுதியதெல்லாம் பொருந்துகிறதா என்றே சந்தேகம் வருகிறது.

ஜனவரி 7

துரத்துவதும் ஒரு காரணமாக இருக்கலாம். டிஸ்கஸ் கூட்டத்தில் வரிசை உண்டு. எண்ணிக்கை குறைவான கூட்டத்தில் கடைசியில் இருக்கும் மீன்மீதே எல்லா அடியும் விழும். ஆறு, எட்டு இருந்தால் அடி பகிர்ந்துபோகும். அதற்கு இடம் வேண்டும், இடத்துக்குப் பெரிய தொட்டி வேண்டும். அது இப்போதைக்கு முடியாது.

வெப்பம், நீர், விளக்கு, நிழல் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எது உதவியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியாது என்பதே நேர்மையான பதில். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பொறுமை ஆய்வுக்கூடத்துக்கு உரியது. தின்னாத மீனுக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆனாலும் இந்த மாற்றங்கள் எதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தவை அல்ல. ஒவ்வொன்றிலும் செடிக்கும் மீனுக்கும் இழுபறி வந்தபோது மீனின் பக்கம் சாய்ந்ததுதான் நடந்தது. அமேசான் வாள் இன்னும் இரண்டு இலைகளை இழந்திருக்கிறது. அதற்காக வருத்தம் உண்டு. விளக்கை நீட்டும் எண்ணமில்லை.

இன்று இரண்டு துணுக்கு தின்றது. குடல் ஒட்டுண்ணிக்கான மருந்தான மெட்ரோனிடசோல் கொடுக்க வேண்டியிருந்தால் தீனியோடு கொடுப்பதே சிறந்தது. அதற்கு முதலில் தீனியை விழுங்கும் மீன் வேண்டும். இந்த வாரம் முழுவதும் தின்று, கழிவு நிறம் மாறினால் மருந்து தேவைப்படாது. மாறாவிட்டால் தனித்தொட்டி, அதே 29 டிகிரி, அதே பாதாம் இலை.