டியூப் லைட் வைத்தியம்

சொன்ன விஷயம் மண்டையில் ஏறச் சற்றுத் தாமதமாகும் மனிதரை ‘டியூப் லைட்’ என்று அழைப்பது நம்மவர் வழக்கம். பொருத்தமான பட்டப்பெயர்தான், ஆனால் அதில் ஒரு சிறு அநீதியும் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் அந்த விளக்கு சும்மா யோசித்துக்கொண்டிருப்பதில்லை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் உலோகத் தகடு சூடேறி வளைந்து எதிரில் உள்ளதைத் தொட வேண்டும். அதனால் குழலின் இரு முனைகளிலும் உள்ள இழைகள் காய வேண்டும். தகடு ஆறி விலகும் கணத்தில் சோக் மின்சாரத்தை ஓர் உந்து உந்த வேண்டும். இத்தனையும் இரண்டு மூன்று வினாடிகளில் நடக்கின்றன. அதற்குள் நமக்குப் பொறுமை போய்விடுகிறது!

இப்படி வேலை பல உறுப்புகளுக்குப் பிரிந்திருப்பதால்தான் டியூப் லைட்டுக்கு வைத்தியம் பார்க்க முடிகிறது. முனைகள் மட்டும் சிவந்து நடுவில் இருட்டாக இருந்தால் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கலாம். முனைகள் கறுத்து, கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் குழலுக்கு அந்திமக் காலம். ‘ஙொய்’ என்று முனகினால் சோக். நாற்காலி மேல் ஏறிக் குழலை ஒரு திருகு திருகி எரியவைத்துவிட்டு இறங்கும் குடும்பத் தலைவர், அன்று முழுவதும் ஓர் எஞ்சினீயரின் தோரணையில் நடமாடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கும்பகோணத்தில் என் நண்பர் ஒருவருக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. கடையில் எட்டு டியூப் லைட்டுகள். பின்னால் கிடங்கில் மூன்று. பதினொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு எல்.இ.டி. போட வேண்டும் என்பது பிள்ளையின் கட்சி. “எரியுற விளக்கை எதுக்குடா கழட்டணும்?” என்பது தகப்பனாரின் கட்சி. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் இருவரும் என்னிடம் வழக்கைக் கொண்டுவந்தார்கள். நான் அதை, அந்த விளக்குகளுக்கு முப்பது வருஷமாக வைத்தியம் பார்த்துவரும் எலக்ட்ரீஷியனிடம் தள்ளிவிட்டேன். ரிப்பேரில் பிழைப்பவர் ரிப்பேருக்குத்தான் வாதாடுவார் என்பது என் எண்ணம்.

அவரோ, “விளக்கோட வயசைப் பாக்காதீங்க, முதலாளி. தினம் எத்தனை மணி நேரம் எரியுதுன்னு பாருங்க” என்றார்.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். 40 வாட் குழல், சோக் தின்பதையும் சேர்த்தால், ஏறக்குறைய 52 வாட் இழுக்கும். அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். விளக்குக்கு 32 வாட் மிச்சம். எட்டு விளக்குகள் தினம் 10 மணி நேரம் எரிந்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 77 யூனிட் மிச்சம். தகப்பனார் மௌனமானார்.

பிள்ளையின் முகம் மலர்வதற்குள் எலக்ட்ரீஷியன் கிடங்கின் பக்கம் கையைக் காட்டினார். “அந்த மூணும் தினம் கால் மணி எரியுமா? அதுங்களை ஏன் தொடணும்? இங்க கழட்டுற சோக்கையும் ஸ்டார்ட்டரையும் வச்சுக்கிட்டு அதுங்களை ஓட்டிடலாம்.” கிடங்கு விளக்குகளை மாற்றினால் மாதம் முக்கால் யூனிட்கூட மிச்சமாகாது. இப்போது பிள்ளை மௌனமானார்.

வாசலுக்கு வந்ததும் நான் கேட்டேன்: “இனிமேல் அந்த எட்டு விளக்குக்கும் உங்களைக் கூப்பிட மாட்டார்களே?”

“கூப்பிட மாட்டாங்க, சார்” என்று டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “ஃபேன் இன்னும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு?”

தன் வருமானத்தில் ஒரு பகுதியைத் தானே வெட்டிவிட்டு, இவ்வளவு சாதாரணமாக அவர் சைக்கிளில் ஏறிப் போனார். வைத்தியர்கள் எல்லோரும் இப்படி இருந்துவிட்டால்!

கிடங்கு விளக்குகளுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. குழலுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அதன் ஆவியில்தான் ஒளியே பிறக்கிறது. அதனால், மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் கூடி, இந்தக் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவதென்று தீர்மானித்தன. தீர்மானம் நியாயமானதே. ஆனால் பழைய குழலைக் குப்பைத் தொட்டியில் போட்டு, அது ‘டப்’பென்று வெடிப்பதை வேடிக்கை பார்ப்பது நியாயமல்ல. அந்தப் பாதரசம் குப்பை அள்ளும் மனிதரின் மூச்சில்தான் போய்ச் சேரும். கழற்றிய குழலை உடையாமல், புதிய விளக்கு வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் சேர்ப்பது அப்படியொன்றும் பெரிய சிரமமில்லை.

புது விளக்கின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஸ்விட்சைப் போட்ட கணமே எரிகிறது, முனகுவதில்லை, குறைவாகச் சாப்பிடுகிறது. ஆனால் அது அணைந்துபோனால் காரணம் தெரிவதில்லை. பெரும்பாலும் ஒளி தரும் பொட்டுகள் நன்றாகவே இருக்கும். அவற்றுக்கு மின்சாரத்தைப் பதமாக்கித் தரும் சிறு பலகைதான் கெட்டிருக்கும். அதை மட்டும் மாற்றித் தரும் கெட்டிக்காரர்கள் நம் கடைத்தெருக்களில் இருக்கிறார்கள். ஆனால் ஒட்டி மூடிய விளக்கை உடைக்காமல் அவர்களாலும் திறக்க முடிவதில்லை. ஒரு சின்ன உறுப்புக்காக முழு விளக்கும் குப்பைக்குப் போகிறது. மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை இப்படிக் குப்பையில் கொட்டுகிறோம்.

இவ்வளவு சாமர்த்தியமாக ஒரு விளக்கைச் செய்தவர்கள், அதைத் திறந்து பார்ப்பதற்கு இரண்டு திருகாணியும் வைத்திருக்கலாம்.