யன்னலோரத்தில் அம்மா

கனடாவில் வாழும் எம் தமக்கையார் அம்மாவின் நல்ல படமொன்றை அனுப்பும்படி பலமுறை கேட்டுவிட்டார். அம்மாவுக்கு வயது எழுபத்தொன்பது. கேட்பதன் உட்பொருள் எமக்கு விளங்காமலில்லை. அப்பாவின் படமென்று எம்மிடம் ஒன்றுமே கிடையாது. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, கூடத்துச் சுவரிலிருந்த அந்த ஒரே படத்தைக் கழற்ற எவருக்கும் நினைவு வரவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்தபோது ஆணி மட்டும் இருந்தது.

ஆகவே ஒருநாள் மாலை அம்மாவைக் கூடத்தின் நடுவே இருத்தி, கமராவின் பிளாஷ் ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடித்தோம். முகம் மாப் பூசியதுபோல் வெளுத்தது. மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். பின்னால் ஒரே காரிருள்.

"இதார் தம்பி? பேயறைஞ்சவள் மாதிரி இருக்கிறாள்" என்றார் அம்மா.

பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு வெட்கமாய்ப் போயிற்று. நேர்மாறு வர்க்க விதியை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்போம்! தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதிலொன்று. முகத்தில் அளவுக்கு மிஞ்சி விழுந்த ஒளி பின்சுவரை எட்டுமுன் மெலிந்துபோனதில் வியப்பென்ன? மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் ஒரே ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து படித்தவர்கள் நாம். விளக்குக்கு அண்மையான இடத்துக்காகச் சகோதரர் பிடித்த சண்டைகள் யாவும் இவ்விதியின் செய்முறைப் பரிசோதனைகளே.

அடுத்தநாட் காலை அம்மா குசினி யன்னலோரத்தில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வெயில் நேரே விழாத யன்னல் அது. பக்கவாட்டில் வந்த மெல்லொளி நெற்றிச் சுருக்கங்களையும் திருநீற்றுக் குறியையும் தனித்தனியே எடுத்துக்காட்டிற்று. இத்தனை காலம் இதைக் காணாதிருந்தோமே!

மின்விளக்கை முதலில் அணைத்தோம். வானொளி நீலஞ் சார்ந்தது, குமிழின் ஒளி மஞ்சள் சார்ந்தது. இரண்டும் ஒருமுகத்திற் கலந்தால் நிறம் கெடும். யன்னலுக்கு மறுபுறத்துக் கன்னம் இருண்டிருந்தமையால், அப்பக்கம் ஒரு கதிரையை வைத்து வெள்ளை வேட்டியை அதன்மேல் விரித்தோம். வேட்டியிற் பட்டுத் திரும்பிய ஒளியே போதுமாயிற்று. வில்லைத் துவாரத்தை 1.8 என்னும் அளவுக்குத் திறந்தோம். இங்கே எண் குறையக் குறையத் துவாரம் பெருக்கும். மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. உணர்திறனை 1600 ஆக உயர்த்தியதால் படத்திற் சிறிது மணல் தூவியதுபோலிருக்கும். இருக்கட்டும், கலங்கிய முகத்திலும் அது மேலானது. செக்கனில் 60 இல் ஒரு பங்கு நேரமே துவாரம் திறந்திருந்தது. அதனினும் நீண்டால் கைநடுக்கம் படத்தில் ஏறிவிடுமென அஞ்சி, முழங்கைகளை மேசையில் ஊன்றி, மூச்சையும் அடக்கிக்கொண்டோம்.

கைத்தொலைபேசி மட்டுமே வைத்திருக்கும் இளைஞர் மனஞ்சோர வேண்டியதில்லை. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால் ஒளியளவு அம்முகத்துக்கேற்ப அமையும். இராக்காலப் படமுறையில் அக்கருவி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. ஆதலால் அதனைக் கதவு நிலையிற் சாய்த்துப் பிடிப்பதும், இருப்பவர் அசையாதிருப்பதும் அவசியம்.

அம்மாவோ அசையாதிருக்கச் சம்மதிக்கவில்லை. "அரிசியிலை கல்லுக் கிடக்குது" என்று குனிந்துவிட்டார். பதினேழு படங்கள் வீணாயின. பதினெட்டாவதில், ஏதோ நினைவு வந்தவர்போல் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தமக்கையாருக்கு அதனை அன்றே அனுப்பினோம். பெரிதாக்கிய பிரதியை அம்மா நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, "அப்பான்ரை ஆணியிலை கொழுவிவிடு" என்றார். உயிரோடிருப்பவரின் படத்தை அந்த இடத்தில் மாட்ட எமக்கு மனம் வரவில்லை. "சட்டம் போட்டாற் பிறகு பார்ப்போம், அம்மா" என்று சொல்லி, அகராதியின் ஏடுகளுக்கிடையே வைத்திருக்கிறோம்.